பந்தயக் குதிரைக்குத் தவிட்டு எண்ணெய்: வாங்கலாமா?

ஓடி முடித்ததும் பின்தொடை இறுகி நின்றுவிடும் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) குதிரைகளுக்கு, சென்னைக் கடைகளில் கிடைக்கும் ரீஃபைண்டு அரிசித் தவிட்டு எண்ணெய் நல்ல தேர்வு. இந்த இனத்தில் பெரும்பாலும் கோளாறு தசை செல்லின் கால்சியம் கட்டுப்பாட்டில். மாவுச்சத்து கூடினால் குதிரை பதறும், பதறினால் தசை இறுகும். எண்ணெய் பதற்றத்தைக் கூட்டாமல் சக்தி தரும்.

ஆனால் மாவுச்சத்துள்ள ஓட்ஸ், கொள்ளு அளவைக் குறைக்காமல் எண்ணெயை மட்டும் ஊற்றினால் காசு தண்டம். 450 கிலோ குதிரைக்கு வேளைக்கு 50 மில்லியில் தொடங்கி, மூன்று வாரத்தில் நாளுக்கு 400 மில்லி வரை போகலாம். அவசரப்பட்டால் சாணி இளகும். வைட்டமின் ஈ தினம் 1,000 யூனிட்டாவது சேர்த்துக் கொடுங்கள்.

15 கிலோ டின் மலிவுதான், ஆனால் கிண்டி வெயிலில் திறந்து வைத்தால் சிக்கு வாடை அடித்துவிடும், குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சின்ன கேன்தான் சரி.

பலன் தெரிய, லேசான பயிற்சி முடிந்து 4–6 மணி நேரத்தில் ரத்தத்தில் சிகே (கிரியேட்டின் கைனேஸ், தசை சேதமானால் கூடும் நொதி) அளவைப் பாருங்கள். சிறுநீர் காபி நிறத்தில் வந்தால் குதிரையை நடக்க வைக்கவே வேண்டாம். தண்ணீர் வைத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீங்களாக வலி மருந்து கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம்.