வாடகை மவுன்டன் பைக்: கேப்பர் மலைக்குத் தாங்குமா?

புதுச்சேரியில் ஒரு கடை. நாள் வாடகை 400 ரூபாய், ஆதார் நகல் வேறு வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடலூர் வரைக்கும் 22 கிலோமீட்டர் சமதளம். கொட்டை கொட்டையாகப் புடைத்த டயர் தார் ரோட்டில் உர்ரென்று இழுத்ததைத் தவிர ஒன்றும் சொல்வதற்கில்லை.

கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில்தான் சாயம் வெளுத்தது. மலை என்று பேருக்குத்தான், செம்மண் மேடு. 1918-ல் பாரதியாரை அடைத்த சிறை இருக்கும் பக்கம். ஏற்றத்தில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றினேன், செயின் கழன்று விழுந்தது. மூன்று தடவை! முந்திரித் தோப்பு நிழலில் கையெல்லாம் கிரீஸ். ஆனால் இறக்கத்தில் டிஸ்க் பிரேக் அருமை, சரளையில்கூட வழுக்கவில்லை. முன் சஸ்பென்ஷனும் பள்ளங்களை விழுங்கிவிட்டது. என் முழங்கை அதற்கு சாட்சி.

சாயங்காலம் தேவனாம்பட்டினம். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, அலை நனைத்த கெட்டி மணலில் ஓட்டினேன். சுகமோ சுகம். திருப்பிக் கொடுக்கும்போது, உப்புத்தண்ணி பட்டதாம், கழுவ 50 ரூபாய் கேட்டார்கள். செயின் கதையைச் சொன்னேன். "கியர் மாத்தத் தெரியணும் சார்" என்றார் பையன். ஐந்துக்கு மூன்று, அதுவும் பிரேக்குக்காக.