விட்ட ஊசியைத் தொடர்வதா, வேறு ஊசிக்கு மாறுவதா: எந்த வழியில் குமட்டல் குறைவு?

எடைக் குறைப்பு ஊசியை முதன்முதலாகப் போடுபவருக்கு ஆளுக்கு ஆள் யோசனை சொல்கிறார்கள். நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குபவரிடமும், ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுபவரிடமும் ‘பழகியவர்தானே’ என்று யாரும் எதுவும் சொல்வதில்லை. வயிறு அப்படி நினைப்பதில்லை.

இந்தியாவில் 2025 மார்ச்சில் மௌஞ்சாரோவும் (இதிலுள்ள மருந்து டிர்செபடைடு) ஜூனில் வீகோவியும் (இதில் செமக்ளூடைடு) விற்பனைக்கு வந்தன; இரண்டும் வாரம் ஒருமுறை போடுபவை. 2026 மார்ச்சில் செமக்ளூடைடின் காப்புரிமை இங்கே முடிந்ததால், விலை பார்த்து மாறுவதற்கும் வழி பிறந்திருக்கிறது. பிரிட்டனில் 2025 செப்டம்பரில் மௌஞ்சாரோவின் விலை ஏறியதும் பலர் வீகோவிக்கு மாறினார்கள். விலை மட்டுமல்ல, அறுவை சிகிச்சை, வெளிநாட்டுப் பயணம், கடையில் சரக்கு இல்லாமை என ஊசி தடைபட ஆயிரம் காரணங்கள் உண்டு.

விட்ட இடத்திலிருந்தா, அடியிலிருந்தா?

முதலில் நிறுத்தியவர்களின் கேள்வி. வீகோவி 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7, 2.4 என்று ஏறும். மௌஞ்சாரோ 2.5-இல் தொடங்கி 15 வரை போகும். இந்தப் படிகள் எல்லாம் வயிற்றுக்காக வைத்தவை. இம்மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதம் தொடக்கத்தில் கடுமையாக இருந்து, தொடர்ந்து போடப்போட மட்டுப்படுகிறது. ஊசி நின்றால் அந்தப் பழக்கமும் போய்விடுகிறது.

எவ்வளவு நாளில் போகும்? உடலில் செமக்ளூடைடின் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரமும், டிர்செபடைடுக்கு ஐந்து நாளும் ஆகும். கணக்குப் போட்டால், முன்னது ஐந்து வாரத்திலும் பின்னது மூன்றரை வாரத்திலும் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆகவே ஒரு வாரம் தவறியவரையும் மூன்று மாதம் விட்டவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஒரே ஒரு ஊசி தவறியிருந்தால் சிக்கல் இல்லை. வீகோவியில் அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் தவறியதைப் போட்டுக்கொள்ளலாம். மௌஞ்சாரோவில் தவறிய நாளிலிருந்து நான்கு நாள் வரை போடலாம். அதற்கும் மேல் தாமதமானால் அதை விட்டுவிட்டு வழக்கமான நாளில் பழைய அளவையே தொடரலாம். இரண்டு, மூன்று வாரம் தவறியவர்கள் ஒன்றிரண்டு படி இறங்கித் தொடங்குவது நல்ல சமரசம். ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் அடிப்படிதான் என்பது என் கட்சி. மருத்துவர்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு; முடிவு உங்கள் மருத்துவருடையது.

பழைய அளவிலேயே தொடங்க நினைப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் கணிசமான பங்கு திரும்பி வருவதை ஆய்வுகள் காட்டிவிட்டன. அடிப்படியில் பசி அவ்வளவாக அடங்காது. அந்த மாதமும் காசு போகும். போதாததற்கு, குளிர்பதனப் பெட்டியில் பாதி தீர்ந்த 1.7 பேனா கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் முதல் முறை பயன்படுத்தியதிலிருந்து வீகோவி பேனாவுக்கு ஆறு வாரமும் மௌஞ்சாரோ பேனாவுக்கு முப்பது நாளும்தான் ஆயுள். இரண்டு மாதம் கழித்து அது எப்படியும் குப்பைக்குத்தான்.

ஊசி மாறும்போது

ஒரே செமக்ளூடைடை வேறு நிறுவனத்தின் பெயரில் வாங்கினால், இடைவெளி விழாதவரை அதே அளவில் தொடர்வதே பொதுவான வழி. மருந்தே மாறும்போதுதான் குழப்பம். வீகோவியின் 2.4 வழக்கமான உச்ச அளவு, மௌஞ்சாரோவின் 2.5 ஆரம்ப அளவு. எண்கள் அக்கம்பக்கத்தில் நிற்பதால் அளவும் ஒன்றுதான் என்று எண்ணி மாறியவருக்கு, இரண்டாவது வாரமே இரவு பத்து மணிக்குச் சமையலறை நினைவு வரும். மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. அவர் ஏணியின் அடியில் நிற்கிறார்.

இங்கே இரண்டு வழிகள். 2.5-இலேயே தொடங்கி நான்கு வாரம் பசியைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. உயர்ந்த அளவு செமக்ளூடைடு நன்றாக ஒத்துக்கொண்டவர், மருத்துவர் சொன்னால், 5-இல் தொடங்குவது மற்றொன்று. முன்பே வாந்தியால் அவதிப்பட்டவருக்கு இரண்டாவது வழி வேண்டாம். பழைய மருந்தின் அடுத்த ஊசி நாளில் புதியதைப் போடுவது வழக்கம். குமட்டல் ஓயாதவர்கள் இன்னும் சில நாள் பொறுக்கலாம்.

எதிர்த்திசையில், அதாவது டிர்செபடைடிலிருந்து செமக்ளூடைடுக்கு வருபவர்களுக்கு, நான் கூடுதல் எச்சரிக்கை சொல்வேன். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து 72 வாரம் நடத்தி 2025-இல் வெளியான ஆய்வில், வயிற்றுத் தொல்லையால் மருந்தை விட்டவர்கள் டிர்செபடைடு பக்கம் 2.7 சதவீதம், செமக்ளூடைடு பக்கம் 5.6 சதவீதம். எடை குறைந்ததும் முன்னதில்தான் அதிகம்: 20.2-க்கு 13.7 சதவீதம். 15 மில்லிகிராமைத் தாங்கினேனே என்ற தெம்பில் நேரே 2.4-க்குப் போவது வீண் வீரம்.

கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் கவனிக்க: டிர்செபடைடு தொடங்கும்போதும் அளவு ஏற்றும்போதும் நான்கு வாரத்துக்கு மாத்திரையை மட்டும் நம்பக்கூடாது.

மாத்திரையா, பொறுமையா?

குமட்டலுக்கு மருந்துக்கடையில் கைக்கு எட்டுவது ஆன்டன்செட்ரான். வாந்தியை நிறுத்தும், ஆனால் அதுவே மலச்சிக்கலையும் தரும். ஊசியும் அதையே தருவதால், நான்காம் நாள் வேறொரு துன்பம் தொடங்கும். டொம்பெரிடோன் இரைப்பையில் தேங்கியதை நகர்த்திவிடும், ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. இரண்டும் ஓரிரு நாள் சமாளிக்க மட்டுமே. வாரந்தோறும் மாத்திரை தேவைப்பட்டால், அடுத்த படிக்கு ஏறாமல், இப்போதுள்ள அளவிலேயே இன்னொரு மாதம் நிற்பதுதான் மேல்.

சாப்பாட்டில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் எண்ணெயும் அளவும். ஊசி போட்ட மறுநாள் காலை நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டால், மாலை ஐந்து மணிக்கும் அவை நெஞ்சுக்குக் கீழே அசையாமல் இருக்கும்; ஏப்பத்தில் அழுகிய முட்டை வாடை வரும். இரண்டு இட்லி, நீர்மோர், குழைந்த ரசம் சாதம் தாங்கும். ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாளில் மருந்தின் அளவு உடலில் உச்சத்தில் இருப்பதால், ஞாயிறு முகூர்த்தம் இருப்பவர் வெள்ளியன்று ஊசி போட்டால் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

விடாத வயிற்றுவலி முதுகுக்குப் பரவினால் கணையம் வீங்கியிருக்கலாம். தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இரண்டுக்கும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி நின்ற காலத்தில் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடோ இன்சுலினோ கூட்டியிருந்தால், மீண்டும் ஊசி தொடங்கும் நாளுக்கு முன்பே அந்த அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சாப்பாடு குறைந்த பிறகு பேசினால், சர்க்கரை இறங்கி மயக்கம் வந்த பிறகுதான் பேச நேரும்.