பெண்களுக்கான குண்டு துளைக்காத கவசம்: நான்கு மாதம் போட்டுப் பார்த்தேன்

என் உயரம் 155 சென்டிமீட்டர். ராணுவப் பணியில் சேர்ந்த முதல் மூன்று வருடம் எனக்குக் கிடைத்தது ஆண்களுக்கான நடுத்தர அளவுக் கவசம். உட்கார்ந்தால், குண்டைத் தடுக்க உள்ளே வைக்கும் கெட்டியான முன் தட்டு மேலே ஏறித் தாடையில் இடிக்கும். வண்டியில் போகும்போது ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே போவேன். குப்புறப் படுத்தால் முதுகுப் பக்க விளிம்பு ஹெல்மெட்டை முன்னால் தள்ளிக் கண்ணை மறைத்துவிடும். கொண்டை போட்டிருந்தால் இன்னும் மோசம். தோள்பட்டை அகலம் என்பதால் துப்பாக்கியின் அடிக்கட்டை தோளில் நிற்காமல் வழுக்கும். "குறியில் நிதானம் இல்லை" என்று பயிற்சியாளர் எழுதி வைத்தார். நானும் அதை நம்பிவிட்டேன்.

இப்போது எங்கள் பிரிவுக்கு வந்திருப்பது பெண்களுக்கென்றே வெட்டித் தைத்த கவசம். மார்புப் பகுதியில் வளைவு வைத்திருக்கிறார்கள், தோள் குறுகல், உடல் நீளம் குறைவு. உள்ளே வைப்பது 8.75 × 11.75 அங்குலத் தட்டு. பின் கழுத்துப் பக்கம் கொண்டைக்கு இடம் விட்டு வெட்டியிருக்கிறார்கள். இடுப்புப் பட்டையை இறுக்கினால் எடையில் ஒரு பங்கு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. முதல் வாரமே, அதே துப்பாக்கி, அதே தூரம், என் குண்டுகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். மூன்று வருடமாக அவர்கள் அளந்தது என்னையா, அந்தக் கவசத்தையா?

எல்லாமே மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். சுமையோடு ஓடும் நேரம் கொஞ்சம்தான் குறைந்தது. உடல் வலுவில் ஆண் பெண் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு சுமை தூக்க வேண்டுமோ அதை இருவருக்கும் ஒன்றாகவே வைக்கட்டும். முடிந்தவள் போர்முனைக்குப் போகட்டும்.

கட்டாய ராணுவ சேவையிலும் என் நிலைப்பாடு அதுதான். நார்வே 1997-லும் அதற்குப் பிறகும் பிறந்த பெண்களையும் அழைக்கிறது. ஸ்வீடன் 2017-ல் கட்டாய சேவையைத் திரும்பக் கொண்டுவந்தபோதே இருபாலருக்கும் என்றது. டென்மார்க்கில் 2025 ஜூலை முதல் 18 வயதாகும் பெண்களும் சேவைக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் உண்டு. இது சரி என்றே நினைக்கிறேன். போர் வந்தால் அது பெண்ணை மட்டும் விட்டுவைப்பதில்லை. அப்புறம் நாட்டைக் காக்கும் பொறுப்பு மட்டும் ஏன் ஆணின் தலையில்?

ஆனால் விருப்பப்பட்டுச் சேர்ந்த நான், பொருந்தாவிட்டால் விலகலாம். கட்டாயத்தில் வந்தவளுக்கு அந்த வழி கிடையாது. அதனால் அழைப்பாணை அனுப்பும் முன்பே அவள் அளவில் கவசம், பூட்ஸ், முதுகுப்பை எல்லாம் கிடங்கில் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்து ராணுவத்தில் பெண்களுக்கு 2021 வரை ஆண்களின் உள்ளாடையைத்தான் கொடுத்தார்கள். கட்டாயமாக அழைக்கும் நார்வேயிலேயே 2022-ல், சேவை முடிந்து போகிறவர்கள் உள்ளாடையையும் திருப்பித் தர வேண்டியிருந்தது, பெண்களின் பிராவும் சேர்த்து. கையிருப்பு போதவில்லையாம். உயிரைக் கேட்கிற அரசு இதையாவது எண்ணி வைக்க வேண்டாமா?

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இடுப்புப் பட்டையின் வெல்க்ரோ மூன்றாம் மாதமே பிடிப்பு இழந்தது, மாற்றித் தைக்க வேண்டியிருந்தது. துவைத்த உறை காய இரண்டு நாள் ஆகிறது. எங்கள் பிரிவில் என்னைவிடக் குள்ளமான ஒருத்திக்கு இருப்பதிலேயே சிறிய அளவும் நீளம்தான். அவள் இன்னமும் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் வண்டியில் வருகிறாள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அந்த ஒன்று அவளுக்காகக் குறைத்தது.

அளவு கொடுக்கும்போது நின்றபடி அளக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டைக்குழியிலிருந்து தொப்புளுக்குச் சற்று மேல்வரை டேப்பை வைத்து, அந்த நீளத்தை எழுதிக் கொடுங்கள்.