புதுச்சேரியில் இரண்டு ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனைக்கு, ஆபரேஷன் லிஸ்ட் போட கூகுள் ஷீட்ஸ் போதுமா?

போதும், ஆனால் அதில் என்ன நேரத்தைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. லிஸ்ட் எழுதும் வெள்ளைப் பலகையை அப்படியே ஷீட்டுக்கு மாற்றினால் கிடைப்பது வண்ணமயமான வெள்ளைப் பலகைதான்.

முதல் தவறு நேரக் கணக்கில் வரும். ஹெர்னியாவுக்கு 45 நிமிடம் என்று சர்ஜன் சொல்வது கத்தி வைத்ததிலிருந்து தையல் முடியும் வரை. ஸ்பைனல் (முதுகில் போடும் மயக்க ஊசி) கொடுக்க 15, துடைத்துத் துணி போர்த்த 10, முடிந்து நோயாளியை வெளியே கொண்டுபோக 10 என்று சேர்த்தால் தியேட்டர் 80 நிமிடம் பிடிபடும். அடுத்த கேஸுக்கு முன் சுத்தம் செய்து டிராலி அடுக்க இன்னும் 20. காலை 8 மணிக்கு ஆரம்பித்தால் இப்படி நான்கு கேஸ் சர்ஜன் கணக்கில் 11 மணிக்கு முடியும், உண்மையில் 2.20 ஆகும். அதனால் ‘உள்ளே வந்த நேரம்’, ‘வெளியே போன நேரம்’ என்று இரண்டு நெடுவரிசைகள் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு சர்ஜனுக்கும் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கடைசி 20 கேஸ்களின் நடுமதிப்பை (மீடியன்) எடுத்து அடுத்த லிஸ்ட் போடலாம். சராசரி வேண்டாம், நீண்டுபோன ஒரே கேஸ் அதைக் கெடுத்துவிடும்.

ஷீட்ஸின் உண்மையான பலம் மோதலைக் காட்டுவது. ஒரே மயக்க மருந்து டாக்டர், அதே தேதி, இந்தக் கேஸ் முடிவதற்கு முன் ஆரம்பித்து இது ஆரம்பித்த பிறகு முடியும் வரிகள் எத்தனை என்று கவுன்டிஃப்ஸ் (COUNTIFS) சூத்திரம் எண்ணும். இந்த வரியையும் சேர்த்து எண்ணும் என்பதால் ஒன்றுக்கு மேல் வந்தால் கட்டம் சிவப்பாகும்படி நிபந்தனை வையுங்கள். சி-ஆர்ம் என்ற நகர்த்தும் எக்ஸ்ரே கருவிக்கும் இதே சூத்திரம். டாக்டர் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வருபவர் என்றால் பயணத்தையும் ஒரு வரியாகப் போடுங்கள். தூரம் சுமார் 22 கிலோமீட்டர்தான், ஆனால் தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதே பாதுகாப்பு.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. நம் பழக்கப்படி 8.30 என்று புள்ளி வைத்து அடித்தால் அது நேரமாகாது, வெறும் எண்ணாகிவிடும். மோதல் இருந்தாலும் சிவப்பு வராமல் போகலாம். 8:30 என்றே அடிக்க வேண்டும். டாக்டர் பெயரை ஒருவர் இனிஷியலோடும் இன்னொருவர் இல்லாமலும் எழுதினால் ஷீட்டுக்கு இருவேறு ஆட்கள், ஆகவே டிராப்டவுன் வையுங்கள். அதையும் காப்பி-பேஸ்ட் அழித்துவிடும். ஒருவர் ஃபில்டர் போட்டால் எல்லோர் திரையிலும் வரிகள் மறையும். போட்டவர் திரையை மட்டும் மாற்றும் ஃபில்டர் வியூ பயன்படுத்தச் சொல்லுங்கள். லிங்க் கிடைத்த எவரும் பார்க்கும்படி பகிர்வது பெரிய ஆபத்து. நோயாளி பெயருக்குப் பதில் ஐ.பி. (உள்நோயாளி) நம்பர் போதும்.

கேஸ் வரிசையை ஷீட் முடிவு செய்யாது. குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும் முதலில், சீழ் பிடித்த கேஸ் கடைசியில் என்பதை தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர்தான் பார்க்க வேண்டும். லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி ஆபரேஷன்) கருவி செட் ஒன்றே ஒன்று என்றால் கழுவி, ஸ்டெரிலைஸ் செய்து, ஆறவைக்கும் நேரமும் இடையில் வேண்டும். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம் என்று சிசேரியனைத் தள்ளச் சொல்பவர்களுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும்.

அரவிந்த் கண் மருத்துவமனை போல, ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்யும் முறைக்குச் சிலர் ஆசைப்படுவார்கள். கண்புரை போல் நேரம் அதிகம் மாறாத கேஸுக்கு அது பொருந்தும். பொது அறுவை சிகிச்சை லிஸ்டுக்குப் பொருந்தாது.

முந்தைய நாள் மாலை 6 மணிக்கு லிஸ்டைப் பூட்டி, பிரிண்ட் எடுத்து தியேட்டர் கதவிலும் வார்டிலும் ஒட்டிவிடுங்கள். தானே, ஃபெஞ்சல் என்று புயல் பார்த்த கரையில் இன்டர்நெட்டை மட்டும் நம்பி, ஆபரேஷனுக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கும் நோயாளியைப் பட்டினி போட முடியாது.