வல்கன் லோடர்: டிரைவருடன் முதல் உடன்பாடு

வல்கன் என்பது, நிரல்கள் கிராபிக்ஸ் அட்டையைப் பயன்படுத்த உதவும் ஏபிஐ (நிரலாக்க இடைமுகம்); அந்த நிரல்களை அட்டையின் டிரைவருடன் இணைக்கும் மென்பொருளே லோடர். க்ரோனோஸ் குழுமத்தின் வல்கன் லோடரில் நான் பெரிதும் மதிப்பது, தானும் டிரைவரும் பேசிக்கொள்ளும் இடைமுகத்தின் பதிப்பை அது டிரைவரோடு முடிவுசெய்யும் முறையையே. தான் அறிந்த மிக உயர்ந்த பதிப்பு எண்ணை லோடர் முதலில் டிரைவரிடம் அளிக்கிறது; டிரைவர் அதை அப்படியே ஏற்கிறது, அல்லது தன்னால் இயன்ற அளவுக்குக் குறைத்துத் திருப்பித் தருகிறது. அந்த எண் லோடருக்கு ஏற்க முடியாத அளவு பழையதாக இருந்தால், அந்த டிரைவரை மட்டும் அது ஒதுக்கிவிடுவதால், அதே கணினியிலுள்ள வேறு நிறுவனத்தின் கிராபிக்ஸ் அட்டை தடையின்றி இயங்குகிறது.

இந்த இடைமுகப் பதிப்பு எண், 1.1, 1.3 என்னும் வல்கன் ஏபிஐ பதிப்புகளிலிருந்து வேறானது என்பதால், இரண்டும் தனித்தனியே வளர முடிகிறது. இது மிகச் சிறந்த வடிவமைப்பு. ஒரே குறை, டிரைவர் ஏன் ஒதுக்கப்பட்டது என்ற விவரத்தைக் காண, லோடரின் பிழைத்திருத்தச் சூழல் மாறியை (லோடரின் செய்திகளைக் காட்டச் செய்யும் இயங்குதள அமைப்பை) நாமே இயக்க வேண்டியிருப்பது.