கணபதி பட்டறையும் எங்கள் செக்கு மோட்டாரும்

காங்கயம் பக்கம் மரச்செக்கு ஓட்டுகிறேன். அப்பா வாங்கிப் போட்ட 5 எச்.பி. மோட்டார். அதன் 1440 சுற்று பெல்ட்டில் பாதியாகி, வார்ம் கியர்பாக்ஸில் (வார்ம் என்கிற திருகுத் தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் பெட்டி) அறுபதில் ஒன்றாகி, செக்குக்கு வரும்போது நிமிடத்துக்கு 12 சுற்று. மார்கழியில் காயில் எரிந்துபோனது. உள்ளூரில் ஒரு கடையில் கட்டி, சும்மா ஓட்டிக் காட்டி, "சத்தமே இல்லை பாருங்க" என்று கொடுத்துவிட்டார்கள். கடலை போட ஆரம்பித்துப் பத்தாம் நாள் மறுபடியும் புகை.

அப்புறம்தான் கோயம்புத்தூர் கணபதியில் இருக்கிற இந்தப் பட்டறைக்குப் போனேன். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்து, 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. பட்டறை ஐயா பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தவர். அங்கே பழகியதை இன்றைக்கும் விடவில்லை.

காயில் கட்டி, வார்னிஷ் காய்ந்ததும் மெக்கர் வைத்து, காயிலில் கரண்ட் கசிகிறதா என்று பார்த்தார். சும்மா ஓடும்போது 3.4 ஆம்பியர். மற்ற கடைகளில் இதோடு சரி. இவர் ஷாஃப்டில் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்பு டிரம்மை மாட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி, மேலே கயிற்றைச் சுற்றினார். கயிற்றின் இரண்டு முனையிலும் வில் தராசு. கயிற்றை இறுக்க இறுக்க மோட்டாரின் குரல் கனத்தது, தண்ணீரில் ஆவி கிளம்பியது. "ரெண்டு தராசுக்கும் 20 கிலோ வித்தியாசம் வரட்டுங்க தம்பி, அதுதான் உங்க அஞ்சு எச்.பி." என்றார். வந்தது. அப்போது 7.4 ஆம்பியர். டிரம்மில் தண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் அப்படியே ஓட்டினார். பாடி சூடானது, ஆனால் கை வைத்து எடுக்க முடிந்தது.

மோட்டாரில் குறை இல்லை. அப்படியானால் ஏன் எரிந்தது? கியர்பாக்ஸை மாட்டி, செக்கு இல்லாமலே ஓட்டினார். 5.5 ஆம்பியர்! கியர்பாக்ஸே மோட்டாருக்குச் சுமையாக இருந்திருக்கிறது. பிரித்து வார்மில் நீல மை தடவிச் சுற்றினால், வெண்கலச் சக்கரத்தின் பல்லில் ஓரமாக மட்டும் மை ஒட்டியிருந்தது. பல் நடுவில் உட்காரவில்லை. பேரிங் மூடிக்கு அடியில் ஒரு பக்கத்து ஷிம்மை (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) எடுத்து மறுபக்கம் போட்டார். மூன்றாவது தடவைதான் மை நடுவில் விழுந்தது. திரும்ப மாட்டி ஓட்டினால் 3.9.

காயிலுக்கு 6,800, கியர்பாக்ஸுக்கு 2,500 ரூபாய். கூலி கொஞ்சம் கூடத்தான், ஆனால் கண்முன்னே செய்து காட்டிய வேலை. ஐந்து நாள் ஆகும், அவசரப்படுத்தினால் கேட்க மாட்டார். கடலை சீசனில் இது சிரமம்தான்.

நான்கு மாதமாக ஓடுகிறது. செக்கு நிறையப் போட்டாலும் 7 ஆம்பியரைத் தாண்டவில்லை. போகிறவர்கள் கியர்பாக்ஸையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். மோட்டாரை மட்டும் கொண்டுபோனால் ஐயா தொட மாட்டார்.