எவர்ட், நவ்ரத்திலோவா: இரு ஆட்டமுறைகள், இரு வாழ்க்கைகள்

கிரிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா ஆகிய இரு டென்னிஸ் வீராங்கனைகளும் ஒற்றையர் பிரிவில் தலா 18 கிராண்ட்ஸ்லாம் (ஆண்டின் நான்கு முதன்மைப் போட்டிகள்) பட்டங்களை வென்றவர்கள் என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து அவர்களைத் தரம் பிரிக்க இயலாது.

புளோரிடாவில் தந்தையிடமே பயிற்சி பெற்ற எவர்ட், ஆடுகளத்தின் பின்கோட்டில் நின்று, இரு கைகளாலும் பேக்ஹேண்ட் (புறங்கை வீச்சு) அடித்து, எதிராளி தவறும்வரை சலிக்காமல் பந்தைத் திருப்பியனுப்பியவர். களிமண் தரையில் 1973 முதல் 1979 வரை தொடர்ந்து 125 ஆட்டங்களில் வென்றதும், பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தை ஏழு முறை கைப்பற்றியதும் அந்தப் பொறுமையின் விளைவுகளே.

நவ்ரத்திலோவாவின் பாதை கரடுமுரடானது. பிராகில் பிறந்த அவர், 1975இல், தமது 18ஆம் வயதில், தாய்நாட்டையும் குடும்பத்தையும் பிரிந்து அமெரிக்காவில் தஞ்சமடைந்தார். இடக்கையால் சர்வீஸ் போட்டவுடன் வலையை நோக்கி விரையும் அவரது ஆட்டம் புல்தரைக்கு மிகப் பொருந்தியதால், விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் ஒன்பது முறை அவருக்குக் கிடைத்தது. கடுமையான உடற்பயிற்சியின் பலனாக, 1983இல் அவர் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றார்.

நேருக்கு நேர் மோதிய 80 ஆட்டங்களில் 43ஐ நவ்ரத்திலோவா வென்றார். ஆனால் 1985, 1986 பிரெஞ்சு ஓப்பன் இறுதிகளில் அவரை வீழ்த்தியவர் எவர்ட்தான். (இத்தனை போட்டிக்கிடையிலும் இருவரும் தோழிகளாகவே இருந்தது வியப்புக்குரியது.)

எவர்ட் 1989இல் விடைபெற்றார். நவ்ரத்திலோவாவோ 50 வயதை நெருங்கிய நிலையில், 2006இல், அமெரிக்க ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார். ஒற்றையருடன் இரட்டையரையும் சேர்த்துப் பார்த்தால் நவ்ரத்திலோவாவையே முதலில் வைப்பேன். ஆண்டுக்காண்டு மாறாத சீர்மைதான் அளவுகோல் என்றால், 1974 முதல் 1986 வரை ஆண்டுதோறும் ஒரு கிராண்ட்ஸ்லாமாவது வென்ற எவர்ட்டை விஞ்சுவது கடினம்.